பூட்டு மிஸ்

பொகவந்தலாவை பஜாரில் அந்த வங்கிக்கு முன்னால் பஸ் வளையும்போது நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன். உள்ளே இப்போது அவர் இல்லை. மாற்றலாகிப் போய்விட்டார். எந்த ஊருக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் மகனுடைய சிகிச்சைக்காக வந்த பணம் அவருடைய கவுண்டரில்தான் காத்துக் கிடந்தது. அந்தக் காத்திருப்பால்தான் அவன் போனானா, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதினால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. அவரை நினைக்காமல் மகனை நினைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்து ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பேர் பூட்டு மிஸ். குள்ளமான உருவம். எந்த வெயிலிலும் கழற்றாத கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர். மேசைக்குக் கீழே இஞ்சி போட்ட பிளேன்டீ நிறைந்த பிளாஸ்க். காசோலையை நீட்டினால் வாங்கி, திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு, "யாரு குடுத்தாங்க?" என்று கேட்பார். யார் பெயரைச் சொன்னாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. முத்திரை குத்தி, வைப்புத் துண்டைக் கிழித்துக் கொடுத்து, "வந்தோன்ன கூப்புடுறேன்" என்பார். எப்போது வரும் என்று கேட்டால் பதில் கிடையாது.

அவரை எல்லோரும் ஏன் கோபித்துக்கொண்டார்கள் என்பது புரிய வேண்டுமானால் காசோலையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் காசோலை என்றால் காசு. கையில் வந்துவிட்டது, பேர் எழுதியிருக்கிறது, தொகை எழுதியிருக்கிறது, பிறகென்ன? வங்கிக்கு அது அப்படியல்ல. எழுதிக் கொடுத்தவரின் வங்கி, கணக்கில் பணம் இருக்கிறதா, கையெழுத்துச் சரியா என்று பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அது எடுக்கக்கூடிய பணம். இதை எங்கள் பக்கம் 'ரியலைஸ் ஆகிறது' என்பார்கள். அதற்கு அடுத்த வேலை நாள்வரை ஆகும். நடுவில் சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தால் அவ்வளவும் தள்ளிப் போகும். இதில் பெரிய வம்பு கைப்பேசியால் வந்தது. காசோலையைப் போட்டதுமே தொகையோடு ஒரு தகவல் வந்துவிடும். எடுக்க முடியாது என்பது அதில் வேறெங்கோ சின்னதாக இருக்கும். லயத்து வீடுகளில் யாராவது பள்ளிக்கூடப் பிள்ளை அதை வாசித்துக் காட்டும். "வந்துருச்சு" என்று மொத்தக் குடும்பமும் பஸ் ஏறிவிடும்.

அப்படி வந்தவர்களிடம் அவர் சொல்லும் வாசகம் ஒன்றுதான். "போன்ல வந்துருக்குங்க. இன்னும் இங்க வரல."

நான் அந்தப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியன். துண்டு நிரப்பிக் கொடுக்கவும் சிங்களத்தில் பேசவும் ஆட்களோடு அடிக்கடி வங்கிக்குப் போவேன். அதனால் அவருடைய சண்டைகள் பலவற்றுக்கு நான் சாட்சி.

ஒருமுறை தோட்டத்தின் மேல் பிரிவுக் கோவில் கமிட்டி வந்தது. தேர்தல் காலம். யாரோ ஒரு வேட்பாளர் மேடை போட்டு, மாலை போட்டு, திருவிழாவுக்கென்று ஒரு காசோலை கொடுத்திருந்தார். கமிட்டி அதை நேரே கோவிலுக்குக் கொண்டுபோய், அம்மன் காலடியில் வைத்து, நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் தடவி, கற்பூரம் காட்டி, வெற்றிலையில் வைத்து எடுத்து வந்தது. ஒலிபெருக்கிக்கும் மேளத்துக்கும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மிஸ் அந்தக் காசோலையை விரல் நுனியால் பிடித்தார். கீழே இலக்கங்கள் அச்சடித்த வரிசை முழுக்கக் குங்குமம்.

"இத மெசின் எடுக்காதுங்க. குடுத்தவருகிட்ட வேற எழுதி வாங்கிட்டு வாங்க."

கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "அம்மன் காலுல வச்சு எடுத்த செக்கு மிஸ். இத வேணாங்குறீங்களா?"

"அம்மனுக்கு இது செக்குன்னு தெரியுங்க. மெசினுக்குத் தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு அது இன்னும் அவமானம். எப்படியோ அலைந்து வேறொன்று வாங்கி வந்தார்கள். இரண்டாவதில் குங்குமம் இல்லை. வேட்பாளரின் கணக்கில் பணமும் இல்லை. திரும்பி வந்துவிட்டது. அந்த வருடம் ஒலிபெருக்கி இல்லாமலே கரகம் பாலித்துத் திருவிழாவை முடித்தார்கள். மேடையில் கொடுத்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூட்டு மிஸ் கை பட்டால் செக்குத் திரும்பிவிடும் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

இன்னொரு முறை, கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவின் சர்வீஸ் காசு. தோட்டத்துக் காசோலை, திரும்பவே திரும்பாது. மகன்மார் இரண்டு பேரும் ஓட்டோவை வெளியே நிறுத்திவிட்டு அம்மாவை நடுவில் விட்டு வந்திருந்தார்கள். அன்றைக்கே எடுக்க வேண்டும் என்று மூத்தவன் கத்தினான். கவுண்டர் கண்ணாடியைத் தட்டினான். மிஸ் அவனைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவைப் பார்த்து, "ஒங்க காசு இன்னும் வரலம்மா. வந்தோன்ன ஒங்களத்தான் கூப்புடுவேன். போன் இல்லன்னா பக்கத்து வீட்டு நம்பரச் சொல்லுங்க" என்றார். சொன்னபடியே பக்கத்து வீட்டுக்குத்தான் அழைத்தார். அந்த அம்மா தனியாக பஸ்ஸில் வந்து தன் காசைத் தானே எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

இந்த அழைப்புதான் அவருடைய இன்னொரு முகம். வங்கியில் யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. மேல் பிரிவிலிருந்து பஜாருக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினால் அன்றைய பேர் போய்விடும், ஒரு நாள் சம்பளம். அதனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு, தன் சொந்தப் போனில் ஒவ்வொருவராக அழைப்பார். சோறு ஆறிக் கிடக்கும். "வந்துருச்சுங்க. வாங்க." அவ்வளவுதான். நலம் விசாரிக்க மாட்டார். காசு வராதவர்களை அழைக்க மாட்டார். ஒருமுறை அவருடைய போனில் பெயர்கள் எப்படிப் பதிந்திருக்கின்றன என்று பார்த்தேன். 'மேல் பிரிவு செவப்புக் கொடை', 'சிரிச்ச கிழவர்', 'ரெண்டு மூக்குத்தி'. என் பெயர் 'கோவப்படாத சார்' என்று இருந்தது.

பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவுக்கும் அவருக்கும் ஓயாத போர். நானா பெரிய வாடிக்கையாளர். மற்றக் கவுண்டர்களில் கதிரை போட்டு உட்கார வைப்பார்கள். இங்கே நின்றுகொண்டு கெஞ்சுவார்.

"மிஸ், சல்லி கணக்குல ஈக்குதானே. நான் பாத்துட்டுத்தான் வந்த. லொறிக்காரன் வெளிய நிக்கிறான்."

"இருக்கிறது வேற நானா. எடுக்கலாங்கிறது வேற."

"ஏன்ட மொகத்தப் பாத்துச் சும்மா குடுங்களே. இருவது வருசமா இந்த ஊருல யாவாரம்."

"மொகத்துக்கு நான் குடுப்பேன் நானா. இது என் காசு இல்லயே."

நானா வெளியே வந்து என்னிடம், அந்த மிஸ்ஸைக் கல்யாணம் பண்ணப்போறவன் தாலி ரியலைஸ் ஆகும்வரைக்கும் வாசலில் நிற்க வேண்டியதுதான் என்று சொல்லிச் சிரித்தார். அவர் அன்று நம்பியிருந்த காசோலை திரும்பி வந்தபோது நானா சிரிக்கவில்லை. லொறிக்காரனுக்கு அன்று கொடுத்திருந்தால் கடையே ஆடிப்போயிருக்கும். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு ஒரு சட்டி வட்டிலாப்பம் வங்கிக்கு வந்தது. சண்டை மட்டும் நிற்கவில்லை.

வங்கிக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். காவலாளியின் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது வங்கியில் எல்லோரும் சேர்ந்து சட்டை, தொட்டில் துணி என்று வாங்கிக் கொடுத்தார்கள். இவரும் ஒரு கம்பளித் தொப்பி பின்னினார். கொடுக்கவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் கொடுத்தார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் தாய், சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வருவதற்கு முந்தின வாரம், "பாஸ் பண்ணிருவாதானே மிஸ்?" என்று ஏதோ ஆறுதலுக்குக் கேட்டார். "ரிசல்ட் வரட்டும்" என்றார். அந்தத் தாயின் முகம் சுருங்கிப் போனது. ஒரு வார்த்தைதானே, "பண்ணிருவா" என்று சொல்லியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. மனிதர்கள் நாள் முழுக்க ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அந்தச் சின்னச் சொற்கள் எதுவும் அவர் வாயில் வராது. சரியாகிவிடும், கவலைப்படாதீங்க, நல்லதே நடக்கும் என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் மகனுக்கு மட்டும் அவரிடம் பயம் கிடையாது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். கணிதம். என்னோடு சில நாள் வங்கிக்கு வருவான், வரிசையில் நிற்பவர்களின் போனை வாங்கி வாசித்துச் சொல்வான். ஒரு நாள் கவுண்டரில் கை ஊன்றிக்கொண்டு கேட்டான்: "மிஸ், மெசேஜ் ஒரு செக்கன்ல லண்டனுக்குப் போகுது. ஒங்க செக் மட்டும் ஏன் பஸ்ல போகுது?"

"பஸ்ல இல்ல தம்பி. நடந்து போகுது."

"அதான் கால் வலிச்சு லேட்டா வருது போல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பல்வரிசை ஒழுங்கில்லாத சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் கான் அடைத்து அழுக்குத் தண்ணீர் முற்றத்துக்கு ஏறியது. மகனும் இன்னும் சில இளைஞர்களும் இறங்கி மண்ணை வாரினார்கள். காலில் ஒரு வெட்டுக் காயம், பெரிதாக ஒன்றுமில்லை. சில நாள் கழித்துக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்தோம். கண் சிவந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது என்றான். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டும், ஆனால் கட்டில் ஒன்றும் காலியில்லை, முடியுமென்றால் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள், இங்கே காலியானதும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றார் டொக்டர். தனியாரில் முற்பணம் கட்டினால்தான் கட்டில்.

மனைவியை மகனோடு விட்டுவிட்டு நான் ஓடினேன். நகை மகளின் படிப்புக்காக ஏற்கெனவே அடகில் இருந்தது. நானா கடையிலிருந்த சில்லறை முதற்கொண்டு தந்தார். போதவில்லை. ஆசிரியர்களின் கடன் சங்கத்தில் அவசரக் கடன் கேட்டேன். மனிதர்கள் நல்லவர்கள். உறுப்பினர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்கிழமை காலையில் காசோலையைக் கையில் தந்தார்கள். சங்கத்துக்குக் காசோலையாகத்தான் கொடுக்க முடியும், அதுவும் குறுக்குக் கோடு போட்டு, கணக்கில் மட்டுமே போடக்கூடியதாக. சங்கம் இருக்கும் ஹட்டனிலேயே ஒரு கிளையில் போட்டிருக்கலாம். தெரிந்த இடம், தெரிந்த மிஸ், ஏதாவது செய்வார் என்று மழையில் அவ்வளவு தூரம் வந்தேன்.

அவர் காசோலையை வாங்கினார். திருப்பினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கு என்ன சார்?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே முத்திரை குத்தினார். குத்திய கையை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எழுந்து மனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனார். யாருக்காகவும் அவர் அந்த அறைக்குள் போய்க் கேட்டு நான் பார்த்ததில்லை. மனேஜர் புதியவர், சிங்களவர், என்னைத் தெரியாதவர். அவருடைய தலை இடமும் வலமும் அசைவது கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது. மிஸ் வெளியே வரவில்லை. நின்றுகொண்டே பேசினார். மனேஜர் தொலைபேசியை எடுத்து யாரிடமோ கேட்டார். வைத்தார். மறுபடியும் தலை அசைந்தது.

"முடியாதுங்க சார்" என்றார் வந்து.

"சங்கத்துச் செக்கு மிஸ். திரும்பாது."

"எனக்கும் தெரியும் சார்."

"சனி, ஞாயிறு. திங்கக்கிழமை போயா. செவ்வாக்கிழமை வந்துரும்தானே?"

அவர் குனிந்து பிளாஸ்க்கை எடுத்தார். எனக்கு அந்த நேரத்தில் பணத்தைவிட அந்த வார்த்தை வேண்டியிருந்தது. வந்துரும் சார், தம்பிக்கு ஒன்னும் ஆகாது சார். அதற்காகவே நின்றேன். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி நகர்த்தி வைத்தார். நான் தொடவில்லை. தன் கைப்பையைத் திறந்து அதிலிருந்த தாள்களை எண்ணாமல் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "இது என்னோடது" என்றார். கண்டிவரை போகவும் அன்றைய மருந்துக்கும் அது ஆனது.

நான் ஹட்டன் பஸ்ஸில் இருக்கும்போதே மனைவி அழைத்தாள். எங்கள் கணக்கின் தகவல்கள் அவளுடைய போனுக்குத்தான் போகும். அவள் குரலில் கிட்டத்தட்டச் சிரிப்பு இருந்தது. "வந்துருச்சுங்க. காசு வந்துருச்சு. இந்தா போன்ல காட்டுது. நான் டொக்டர்கிட்டச் சொல்லிட்டேன், மாத்தச் சொல்லி." எத்தனை பேருக்கு நான் விளக்கியிருப்பேன். மனைவிக்கு விளக்கியதில்லை. பஸ்ஸின் இரைச்சலில் விளக்கினேன். அவள் கேட்டது ஒன்றைத்தான்: "கணக்குல இருக்குல்ல? இருந்தும் குடுக்கலயா அந்தப் பொம்பள?"

ஞாயிறு பின்னேரம் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கட்டில் கிடைத்தது. மாற்றினார்கள். அதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. திங்கட்கிழமை போயாவுக்காக வெள்ளை உடுத்திய குடும்பங்கள் பூத்தட்டோடு தலதா மாளிகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவர்களில் ஒரு தாய் என் மனைவியின் கையில் ஒரு தாமரையைக் கொடுத்துவிட்டுப் போனாள். செவ்வாய் விடியும்போது மகன் போய்விட்டான்.

வங்கி திறக்கும் வேளையில் நான் பிரேத அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மாமனுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, யாருக்குச் சொல்வது என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடித்தது.

"சார், வந்துருச்சு."

மத்தியானச் சாப்பாட்டு வேளைவரை அவர் காத்திருக்கவில்லை. கணக்குத் திறந்த முதல் நிமிடத்தில் அழைத்திருக்கிறார். குரலில் மூச்சு வாங்கியது. யாருடனும் பேசாத விதமாக, நிறுத்தாமல் பேசினார். கண்டிக் கிளையிலேயே எடுக்கலாம், அங்கே ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வரிசையில் நிற்க வேண்டாம், நேரே போங்க சார் என்றார். நான், "சரிங்க மிஸ்" என்றேன். அப்போது பக்கத்தில் யாரோ ஒருவருடைய உறவினர்கள் ஓலமிட்டு அழுதார்கள். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "சார்?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

எங்கே வைத்திருந்தாலும் பிழைத்திருப்பானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றுதான் டொக்டர் சொன்னார். நல்ல மனிதர், நிறையப் பேருக்கு அதைச் சொல்லிப் பழகியவர். வீட்டுக்கு வந்தவர்கள் அந்தளவுகூட விட்டு வைக்கவில்லை. அவன் ஆயுசு அவ்வளவுதான். கடவுளுக்குப் பிடித்த பிள்ளை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நடக்கிறதுதான் நடந்திருக்கும். என் மனைவி பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாராவது தோளைத் தொட்டால் தோளை விலக்கினாள். என்னிடம் பேசியதெல்லாம் அந்தப் பொம்பள, அந்தப் பொம்பள என்பதுதான். காசு கணக்கில் இருந்தது, அவள் கொடுக்கவில்லை. அதை மாற்றிச் சொல்ல என்னாலும் முடியவில்லை. ஓரளவுக்கு அது உண்மைதானே.

கருமாதிக்கு அவர் வந்தார். தனியாக. ஸ்வெட்டர் இல்லாமல், வெள்ளைச் சேலையில், எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் படியில் மூச்சு வாங்க நின்று நின்று வந்தார். முற்றத்தில் நானா எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே, பெண்கள் இருந்த அறைக்குப் போனார். எனக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே போனேன்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கதானா?"

"ஆமாங்க அக்கா."

என் மனைவி குரலை உயர்த்தவில்லை. "நான் ஒன்னுதான் கேக்கணும். அன்னைக்கே நீங்க குடுத்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பானா?"

பக்கத்தில் இருந்த என் மூத்த சகோதரி, "அதெல்லாம் கேக்காத புள்ள, விதிய யாரு" என்று தொடங்கினாள். நானும் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லிவிடுங்கள் மிஸ் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். டொக்டர் சொன்னதைச் சொல்லலாம். மனேஜர் விடவில்லை என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. சட்டம் அப்படி என்று சொல்லலாம். அங்கிருந்த அத்தனை பேரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"தெரியலங்க அக்கா" என்றார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். நானும் வீட்டுக்குப் போய்த் தெனமும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியலங்க."

என் சகோதரி தலையில் கை வைத்தாள். சாவு வீட்டுக்கு வந்து பேசுகிற பேச்சா என்று யாரோ முணுமுணுத்தார்கள். மனைவி பாயில் தனக்குப் பக்கத்தில் கிடந்த தலையணையை எடுத்து மறுபக்கம் வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், பேசாமல் இருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்து போனது. ஒரு தடவை எட்டிப் பார்த்தபோது மனைவியின் தலை அவருடைய தோளில் இருந்தது. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். தோள் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து அன்றுவரை அவள் யாரிடமும் சாய்ந்து அழுததில்லை.

கடைசி பஸ்ஸுக்கு நேரமானபோது அவர் எழுந்தார். வெளியே மழை. மனைவி மகளைக் கூப்பிட்டு, "மிஸ்ஸ ரோட்டு வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வா, கொடைய எடுத்துக்க" என்றாள்.

மகன் போனதிலிருந்து மகளை நான் மழையில் முற்றத்தில்கூட இறங்க விட்டதில்லை. அவள் தும்மினால் எழுந்து உட்காருவேன். காலில் கீறல் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அந்தக் கான் இருந்தது. நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவ போகட்டும்" என்றாள்.

வாசலில் மிஸ்ஸிடம், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, எதற்குக் கேட்கிறேன் என்றே தெரியாமல் கேட்டேன்.

"ஒன்னும் ஆகாதுல்ல மிஸ்?"

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது. என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாகத்தான் பிடித்திருந்தார், அவருடைய விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. இரண்டு பேரும் குடைக்குள் குனிந்து படியில் இறங்கினார்கள். கானுக்கு மேல் போட்டிருந்த பலகையில் மகளை முதலில் நடக்க விட்டு, பின்னால் அவர் போனார். வளைவில் தேயிலைச் செடிகள் மறைத்துவிட்டன.

பஸ் வரும் சத்தம் கேட்டது. நின்ற சத்தமும், மறுபடி ஏறிப் போகும் சத்தமும் கேட்டன. பிறகு குடை மட்டும் தெரிந்தது. மகள் பலகையைத் தாண்டி, படியேறி வந்து, குடையை மடக்கி உதறி, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் வாசலிலேயே வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.